வெல்டு வைத்துப் பூட்டிய மெஷின்

மூடியம்மா வெல்டருக்குத் தர வேண்டியிருந்தது முப்பத்தெட்டாயிரம் ரூபாய். வட்டி இல்லை, பத்திரம் இல்லை, கெடுவும் இல்லை. தன் கம்பெனி படுத்தபோது அங்கே வேலை செய்த முப்பத்திரண்டு பேருக்கும் கடைசிக் காசு வரைக்கும் சம்பளம் கொடுத்து அனுப்பியவர், நான்கு மாத வெல்டிங் கூலியை மட்டும் தர முடியாமல் நின்றார். வெல்டர் ஒரு நாளும் வாய் திறந்து கேட்டதில்லை. கேட்டிருந்தால்கூட மூடியம்மாவுக்கு இவ்வளவு குத்தியிருக்காது.

மூடியம்மா யார் என்று சொல்லிவிடுகிறேன். படிப்பு நாலாம் வகுப்பு. இருமல் மருந்து கம்பெனியில் பாட்டிலுக்குத் தகர மூடி திருகும் வேலை. நிமிஷத்துக்கு ஆறு பாட்டில். சாயங்காலம் உள்ளங்கையை விரித்தால் தோல் தோலாக உரிந்திருக்கும். கூட இருந்த இருபது பெண்களும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். இவர் மட்டும் பழைய இரும்புக் கடைக்குப் போனார். உடைந்த தையல் மெஷினின் மிதிபலகை, ஒரு சைக்கிள் செயின், ஒரு ஸ்பிரிங். எட்டு மாதம் தட்டிக்கொட்டி, காலால் மிதித்தால் மூடி தானாக இறுகும் மெஷின் ஒன்றைச் செய்தார். நிமிஷத்துக்கு இருபத்தைந்து பாட்டில். பட்டம் வாங்கிய எவனும் செய்யாததை ஒரு மூடி திருகும் பெண் செய்தாள். இதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்?

மேஸ்திரி சிரித்தான். "மூடி போடவே மெஷினா? நாளைக்குச் சாப்பிடவும் மெஷின் கேப்பியா?"

"சாப்பிட நேரம் கிடைக்கணும்னுதாங்க இந்த மெஷினே" என்றார்.

பத்து வருஷத்தில் சொந்த ஷெட். மை, பினாயில், பழரசம், வாசனைத் தைலம் என்று பாட்டிலில் எதை அடைத்தாலும் அந்த இடத்தில் அவருடைய மெஷின் நின்றது. இரண்டாயிரத்துக்கு மேல் விற்றாயிற்று. வாங்கியவர்களின் விலாசத்தை எல்லாம் மகள் ஒரு தடித்த நோட்டில் எழுதி வைத்தாள்.

அப்போதுதான் ஒருத்தன் வந்தான். வாங்குகிற மாதிரி இரண்டு மணி நேரம் மெஷினுக்குள்ளேயே தலையை விட்டுப் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டு, வாங்காமல் போனான். காப்பியடிக்க வந்தவன் என்று மூடியம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாளே பக்கத்துப் பட்டறை வெல்டரைக் கூப்பிட்டார். "தம்பி, இனிமே திருகாணி வேணாம். மேல்தகட்ட சுத்தி வெல்டு வச்சிடு. எவனும் திறக்கக் கூடாது."

வெல்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "உள்ள ஸ்பிரிங் இருக்கேக்கா. ஒரு நாள் அது போகும். வாங்கினவன் என்ன பண்ணுவான்?"

"எங்கிட்ட கொண்டு வருவான்."

"அவ்ளோ தூரத்துலேர்ந்தா?"

"நல்ல டாக்டர்னா ஜனம் தூரத்துலேர்ந்து வருதில்ல?"

"எந்த டாக்டரும் வயித்துக்கு வெல்டு வைக்கலியேக்கா."

மூடியம்மா சிரிக்கவில்லை. வெல்டர் வேலையைப் பார்த்தார். நல்ல வெல்டு, எறும்பு நுழைய இடமில்லை.

வந்து பார்த்தவன் என்ன செய்தான்? கடையில் ஒரு மெஷினைக் காசு கொடுத்தே வாங்கினான். ரம்பத்தால் அரை நாளில் அறுத்தான். ஆறாம் மாதம் அதே மெஷினை நான்கு திருகாணியோடு, இலவசமாக இரண்டு ஸ்பிரிங்கும் சேர்த்துச் சந்தைக்குக் கொண்டுவந்தான்.

மூடியம்மாவிடம் வாங்கியவர்களோ, கட்டை விரல் அளவு ஸ்பிரிங்குக்காக மொத்த மெஷினையும் லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். வாடகை ஸ்பிரிங் விலையைப்போல் இருபது மடங்கு. ஷெட் முற்றத்தில் இருநூறு மெஷின்கள் வரிசை கட்டி நின்றன.

"ஸ்பிரிங்க மட்டும் தனியா வித்தா என்னம்மா?" என்றாள் மகள்.

"என் மெஷின் கெடாது. மிதிக்கத் தெரியாதவன் மிதிச்சிருப்பான்."

"இருநூறு பேருக்குமா மிதிக்கத் தெரியல?"

மூன்றே வருஷத்தில் ஷெட்டுக்குப் பூட்டு விழுந்தது.

கம்பெனி போன பிறகு, மெஷினை அறுத்துக் காப்பியடித்த அந்த ஆளே வந்தான், காரில். கடனைப்போல் மூன்று பங்கு தருகிறேன் என்றான். கேட்டது ஒரே ஒரு கையெழுத்து: மெஷினின் அமைப்பு முதலிலிருந்தே தன்னுடையது என்று.

"ரம்பத்தால ஒரு தடவ எடுத்துட்ட. இப்ப பேனாவால எடுக்க வந்தியா?" என்றார் மூடியம்மா. "டீ இருக்கு, குடிச்சிட்டுப் போ. அதுதான் உனக்குப் பழக்கமாச்சே."

கார் திரும்பியதும் மகள் மெதுவாகச் சொன்னாள். "வெல்டர் மாமா கடனாவது தீர்ந்திருக்கும்."

"எதை வித்துத் தீர்க்குறது? நீ இத்தன வருஷம் எவனோட மெஷினுக்கோ வெல்டு வச்சேன்னு வெல்டர் தம்பிகிட்ட போய்ச் சொல்லவா? என் மெஷின்தான் இந்தக் கடனைக் கட்டணும். நோட்ட எடு."

விலாச நோட்டு வந்தது. அறுக்கும் மெஷின், துளைபோடும் மெஷின், ஒரு டப்பா திருகாணி, ஒரு பை ஸ்பிரிங். அறுபத்தோரு வயதில் பஸ் ஏறினார்.

முதலில் ஒரு மை கம்பெனி. தன் மெஷினின் மேல்தகட்டில் தானே ரம்பத்தை வைத்தபோது கை ஒரு நிமிஷம் நின்றது. அப்புறம் நிற்கவில்லை. வெல்டை அறுத்து, நான்கு ஓட்டை போட்டு, ஸ்பிரிங் மாற்றி, திருகாணி முடுக்கினார். எப்படிக் கழற்றுவது என்று அங்கே வேலை செய்யும் பெண்ணுக்கே காட்டிக் கொடுத்தார்.

முதலாளி விடவில்லை. "திறக்கவே கூடாதுன்னு சொன்னது நீங்கதானேம்மா?"

"ஆமா. நான் பண்ண முட்டாள்தனம். அதுக்குக் காசு வேணாம், ஸ்பிரிங்குக்கும் கூலிக்கும் குடுங்க."

பஸ் காசும் சாமானும் போக ஒரு மெஷினுக்கு ஐம்பது ரூபாய் மிஞ்சியது. அந்த ஐம்பதை ஒற்றை நோட்டாக்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டார். இரண்டு வருஷம் ஓடியது. புதிதாக வாங்க நினைத்திருந்த சிலர் பழைய மெஷினையே மிதிக்கத் தொடங்கினார்கள். கார்க்காரன் விற்பனை அந்தத் தெருக்களில் படுத்தது என்று கேள்வி. எனக்கு அதில் சந்தோஷம்தான், மறைப்பானேன்?

முப்பத்தெட்டாயிரமும் சேர்ந்து டப்பா நிறைந்த அன்று மூடியம்மா வெல்டரின் பட்டறைக்குப் போனார். "கையுறையக் கழட்டு தம்பி."

வெல்டர் டப்பாவைப் பார்த்ததும் பின்வாங்கினார். "விடுங்கக்கா. நான் வச்ச வெல்டாலதான உங்க கம்பெனியே போச்சு."

"வச்சது நீ. வைக்கச் சொன்னது நான். வேணாம்னு சொன்னதும் நீதான். கைய நீட்டு."

"சரி, கட்டாவே குடுங்களேன். எண்ணிக்கிறேன்."

"கட்டாவா திறந்தேன்? ஒண்ணொண்ணாத்தான் திறந்தேன்."

கையுறை கழன்றது. தீப்பொறி பட்டுப் பட்டுக் கறுத்த உள்ளங்கை விரிந்தது.

"மை கம்பெனி, ஒண்ணு. பினாயில்காரர், ரெண்டு. பழரசம், அண்ணன் தம்பி சண்டை போட்டுக்கிட்டே வாங்கினாங்க, மூணு."

கை நிறைந்தால் வெல்டர் நோட்டுகளைப் பலகைமேல் வைத்துவிட்டு மறுபடி நீட்டினார். பட்டறையில் வேலை நின்றது. யாரும் அவசரப்படவில்லை. வெயில் வாசலிலிருந்து சுவருக்கு நகர்ந்தது. நடுவில் மூடியம்மா ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். கடைசி நோட்டை இரண்டு கையாலும் நீவி, மடிப்பு எடுத்து, அந்தக் கறுத்த உள்ளங்கையில் வைத்தார்.

"இருமல் மருந்து கம்பெனி. எழுநூத்தி அறுபது."