அம்பாசிடருக்கு மாட்டிய ஃபேன்

அப்பா எனக்குக் கொடுத்த பழைய அம்பாசிடர் அடிக்கடி சூடானது. அருள்புரத்தில் பனியன் கம்பெனி நடத்தும் என் கணவர், ரேடியேட்டருக்கு முன்னால் தானே ஒரு எலக்ட்ரிக் ஃபேன் மாட்டினார்.

"மெக்கானிக்கக் கூப்புடுங்க" என்றேன்.

"கம்பெனி பூரா எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுனவன் நானு. நீ சோத்த ஆக்கற வேலையப் பாரு."

அவர் உள்ளே போனதும் ஒரு பனியன் துண்டை ஃபேனுக்கு எதிரே பிடித்தேன். உள்ளே இழுக்க வேண்டிய ஃபேன், கம்பெனியில் அனலைத் தள்ளுகிற மாதிரி துணியை என் முகத்திலேயே அடித்தது. பட்டுத் திருந்தட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

ரெண்டு நாள் கழித்து இருவரும் அதில் கிளம்பினோம். பல்லடம் தாண்டுவதற்குள் கார் புகை கக்கி நின்றது. இன்ஜின் போச்சு.

"ஃபேன் காத்த வெளிய தள்ளுதுங்க. அன்னைக்கே துணிய வெச்சுப் பாத்தேன்" என்றேன், குத்தலாக.

"தெரிஞ்சும் சொல்லலியா? உங்கப்பன் வண்டிடி அது!"