விறகு லாரியில் வந்த அரணை

அவிநாசிபாளையத்தில் பேருந்து பஞ்சராகி நிற்கிறது. நான் எதிரிலுள்ள டீக்கடைக்குப் போகிறேன். கடை முன்னால், கேரள மலையோரத்திலிருந்து சாயப்பட்டறை பாய்லருக்கு விறகு ஏற்றி வந்த லாரி. கட்டைகளின் இடுக்கிலிருந்து ஓர் அரணை எட்டிப் பார்க்கிறது. நான் வழக்கமாகப் பார்க்கும் பழுப்பு அரணை இல்லை இது. கரிய முதுகில் தலையிலிருந்து வெளிர்மஞ்சள் கோடுகள் ஓடுகின்றன. வால் மட்டும் பளீரென்று நீலம்.

"கடிச்சா ஆள் காலிங்க," என்று ஓட்டுநர் தடியை ஓங்குகிறார்.

"பொறுங்க! அதுக்கு விஷமே இல்லீங்க," என்று கடைக்கார அம்மா குறுக்கே வருகிறார். மேசை துடைக்கும் பனியன் வேஸ்ட் துணியால் அதை மெல்ல மூடி அள்ளி, காலி பிஸ்கட் டப்பாவுக்குள் விடுகிறார். மூடியில் துளை போடும் வேலை எனக்கு. உள்ளே அது நாக்கை நீட்டி நீட்டித் தகரத்தைத் தொட்டுப் பார்க்கிறது.

"இங்கேயே விட்டுடலாங்களா?" என்று கேட்கிறேன்.

"இந்தக் காஞ்ச பூமியில எப்படிங்க பொழைக்கும்? வந்த காட்டுக்கே போகட்டும்." ஓட்டுநர் பக்கம் திரும்புகிறார். "திரும்பிப் போறப்ப வண்டி காலிதானுங்க?"

ஓட்டுநர் தயங்கித் தயங்கி டப்பாவை வாங்கி இருக்கையில் வைக்கிறார். பிறகு லாரி நிறைய அடுக்கியிருக்கும் விறகையே பார்த்தபடி நிற்கிறார். கைப்பேசியை எடுக்கிறார்.

"பாய்லர் அண்ணனுங்களா? இந்த லோடுல ஒவ்வொரு கட்டையையும் தட்டிப் பாத்துட்டு அடுப்புல போடுங்க. உள்ளார உசுரு இருக்குதுங்க."