முத்திரைமேல் சேறு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், மலாயாவின் ஜொகூர்க் கடலோரத்தில், அரசாங்கம் வேலியில்லாமல் காத்துவந்த சதுப்புக்காடு ஒன்றில் நான் காவலன். வெட்டவேண்டிய பக்காவ் என்ற கண்டல் மரங்களின் அடியில் சுத்தியலால் முத்திரை குத்துவேன். முத்திரை விழுந்த மரத்தை வெட்டுக்காரர்கள் விடமாட்டார்கள்; விழாததைத் தொடமாட்டார்கள். முத்திரையை அழித்தால் எனக்கு வேலை போய்விடும்.

ஒரு பெரிய மரத்தில் குத்தி முடித்த பிறகுதான் என்னை ஏற்றிவந்த படகுக்காரர் வாயைத் திறந்தார்: "ஐயா, மேல பாருங்க. கூடு இருக்கு."

வழுக்கைத் தலைப் பெருநாரை. அந்தக் கரையில் அந்த இனத்துக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரே கூடுதான். முன்பே சொல்லித் தொலைத்தால் என்ன என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். அண்ணாந்து பார்க்காதவன் நான்தான்.

முத்திரைமேல் சேற்றை அப்பினேன். கடல் ஏறும்போதெல்லாம் அது கரைந்துவிடும். மறுபடி போய் அப்புவேன். மேலதிகாரியின் படகுச் சத்தம் கேட்டாலே கையைக் கழுவிக்கொண்டு வேறு மரத்தடிக்குப் போய்விடுவேன்.

வெட்டு தொடங்கிய வாரம் பார்த்துக் காய்ச்சலில் விழுந்தேன். எழுந்ததும் ஓடினேன். சுற்றிலும் அடிக்கட்டைகள். அந்த மரம் மட்டும் நின்றது, முத்திரைமேல் ஈரம் காயாத சேற்றோடு.

"நீங்களா?" என்று படகுக்காரரைக் கேட்டேன்.

"நான் இல்லீங்க. நீங்கதான் யாரையோ அனுப்புனீங்கன்னு நெனச்சேன்."

குஞ்சுகள் பறந்துபோகும்வரை, என் ரகசியத்தைக் கண்டுகொண்ட, யாரென்று தெரியாத அந்த ஆளுக்குப் பயந்துகொண்டேதான் சேறு அப்பினேன்.