தீப்பெட்டி வீடுகளும் பாகக் கணக்கும்

1. மண் தட்டு

ஐம்பதுகளின் தொடக்கத்தில் திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் சயன்ஸ் வாத்தியாராக இருந்தேன். ஏழாம் வகுப்புக்குக் கடற்கரை நிலத்தோற்றங்கள் பாடம். புத்தகத்தில் ஒரே ஒரு படம். அதுவும் ஏதோ குளிர்தேசத்துக் கடற்கரை. கூப்பிடு தூரத்தில் கடல் இருக்கும்போது இதென்ன வம்பு என்று ஒரு பெரிய தகரத் தட்டில் மணலும் தண்ணீரும் நிரப்பினேன். துறைமுகச் சுவருக்கு ஒரு செங்கல். அதற்கு வடக்கே பிள்ளைகளின் குப்பம், வீடுகளுக்குத் தீப்பெட்டிகள். அவரவர் பெயரை எழுதி அவர்களே வைத்தார்கள்.

சிலேட்டால் தெற்கிலிருந்து சாய்வாக அலை தள்ளச் சொன்னேன். செங்கலுக்குத் தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே அரித்தது. முன்வரிசைத் தீப்பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கவிழ, வகுப்பே கைதட்டியது. முதலில் கவிழ்ந்தது கன்னியம்மாவின் வீடு. அவள் கைதட்டவில்லை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை அவள் அம்மா தேசம்மா மீன்கூடையோடு வகுப்பு வாசலில் நின்றாள்.

“வாத்யாரே, எங்க வூடு கடலுக்குள்ள போவும்னு சொன்னியாமே. எப்போ போவும்?”

“அது வெறும் மாடல்மா...”

“மாடலோ இன்னாவோ. ஐப்பசிக்கு முன்னாடியா, பின்னாடியா? நான் கூரைய பிரிக்கணுமா, வேணாமா?”

சிலபஸில் ஐப்பசியும் வராது, கூரையும் வராது. “மாடல்ல வீடு வைக்கச் சொன்னது யார் சார்?” என்று தலைமையாசிரியர் கேட்டார்.

2. பாகம்

அளந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஒவ்வொரு அமாவாசையும் தேசம்மாவின் வாசற்படியிலிருந்து அலை ஏறிய தடம் வரை அளக்க வேண்டும். பள்ளியில் டேப் கிடையாது. குப்பத்தில் கயிறு அளப்பதுபோல் பாகத்தில் அளந்தோம். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். ஆடியில் பதினாலு பாகம். ஆவணியில் பன்னிரண்டு. புரட்டாசியில் பதினைந்து.

எனக்கு ஒரே சந்தோஷம். தேசம்மாவிடம் போய், “கடல் பின்னால போயிருக்கும்மா, பயப்படாதீங்க” என்று சொல்லிவிட்டேன். கரும்பலகையில் கிராப் வேறு போட்டேன்.

பத்து நாள் கழித்து நோட்டைப் புரட்டும்போதுதான் அளந்தவர் பெயரைப் பார்த்தேன். ஆடியிலும் ஆவணியிலும் ஏழுமலை, வகுப்பிலேயே நெட்டை. புரட்டாசியில் அவனுக்குக் காய்ச்சல். அன்று அளந்தது வகுப்பிலேயே குள்ளமான சின்னப்பொண்ணு. அவள் கையால் பதினைந்து என்றால், அவன் கையால் பதினொன்றுகூட வராது.

வானம் வேறு கறுத்திருந்தது. வகுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

தேசம்மா கூரையைப் பாதி பிரித்திருந்தாள்.

“நான் சொன்ன கணக்கு தப்பும்மா. கடல் கிட்ட வந்துடுச்சு.”

“தெரியும். காலைல வாசப்படில நண்டு ஒக்காந்துகினு கீது. நீ கடலு பின்னால போச்சுன்ற, அது உள்ள வரேன்னுது. நான் யாரை நம்பறது?”

வெட்கமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது.

“வந்தது வந்த, சும்மா நிக்காத. அந்த மூங்கில புடி” என்றாள். பிடித்தேன். அந்த வாரமே அந்த இடம் கடலுக்குள் போனது.

இப்போது பாடம் எடுப்பவர்களுக்குச் சொல்கிறேன். மண் தட்டு நல்ல ஆக்டிவிட்டி, தாராளமாகச் செய்யுங்கள். அளப்பதற்கு முடிச்சுப் போட்ட ஒரே கயிறு வைத்துக்கொள்ளுங்கள். நோட்டில் எழுதும் முன் அந்த வீட்டுக்காரரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். தப்பென்று தெரிந்தால் அந்த நிமிடமே ஓடிப்போய்ச் சொல்லுங்கள். எனக்கு முன்னால் ஒரு நண்டு போய்ச் சொல்லியிருந்தது. எல்லோருக்கும் அப்படி வாய்க்காது.