புஷ்பாவின் ட்ரோனுக்கு நான் காவல்

போன சனிக்கிழமை காலை பத்து மணியிலிருந்து பத்தரை வரை நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு எதையும் பார்க்கக் கூடாது என்று உத்தரவு. கழுத்து இன்னும் வலிக்கிறது. தைலம் பாதிப் போத்தல் தீர்ந்துவிட்டது.

மழை வருமா என்று பார்க்கவில்லை. சாமியை நினைத்தும் பார்க்கவில்லை. என் கொழுந்தனுடைய ட்ரோனுக்காகப் பார்த்தேன்.

ட்ரோன் தெரியும்தானே? நாலு மூலையிலும் விசிறி வைத்த, கமரா மாட்டிய சின்னச் சாமான். கல்யாண வீடுகளில் தலைக்கு மேலே உறுமிக்கொண்டு போகுமே... அதுதான். என் வீட்டுக்காரரின் தம்பி சிவா, கட்டாரில் நாலு வருஷம் வேலை செய்துவிட்டு வந்தபோது ஒன்று கொண்டுவந்தான். பொழுதுபோக்குக்காம்.

சிவாவைக் குறை சொல்ல முடியாது. ஒழுங்கான பிள்ளை. சாமானைப் பதிவு செய்தான், நம்பர் ஒட்டினான், தோட்டத்தை நிர்வகிக்கிற துரையிடம் போய் அனுமதியும் கேட்டு வந்தான். விதிகளை எல்லாம் படித்து வைத்திருக்கிறான். அதில் முக்கியமானது இது — பறக்கிற சாமான் எப்போதும் வெறுங்கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஸ்கிரீனில் தெரிந்தால் போதாது. பறக்கவிடுகிறவர் ஸ்கிரீனைப் பார்க்க வேண்டியிருந்தால், பக்கத்தில் இன்னொருவர் நின்று வானத்தில் அதை விடாமல் பார்க்க வேண்டும். மரம் வருகிறது, கம்பி வருகிறது என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த இன்னொருவர் நான்.

ஏன் நான்? என் வீட்டுக்காரருக்குக் கண்ணில் புரை. எனக்கோ ஐம்பத்திரண்டு வயதிலும் எதிர் மலை லயத்து வரிசை வீடுகளில் யார் வீட்டுக் கொடியில் என்ன சேலை காய்கிறது என்று தெரியும். "அண்ணி கண்ணுக்குத் தப்பி இந்தத் தோட்டத்துல என்ன நடந்திருக்கு?" என்று சிவா சிரித்துக்கொண்டே கேட்டான். பாராட்டினானா, குத்திக் காட்டினானா... இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இப்போது ஒரு விஷயத்தை உடைத்துச் சொல்ல வேண்டும். வாராவாரம் பத்திரிகையில் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்கு நான் கோயில், விரதம், விளக்கு என்று எழுதுகிறவள். அதனால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சிவாவின் மனைவி புஷ்பா — என் ஓரகத்தி — அவள் மேல் எனக்குப் பொறாமை.

ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் வீடு. அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அவள் தரைக்கு டைல் பதித்தாள், பொறுத்தேன். பிரிட்ஜ் வந்தது; அதையும் பொறுத்தேன். ஐஸ் கட்டி கொடுத்தாள், வாங்கியும் கொண்டேன். ட்ரோனைத்தான் பொறுக்க முடியவில்லை.

அது பறந்த முதல் நாள் லயமே வெளியே வந்து நின்றது. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் என் முகத்தை நிமிர்ந்து பார்த்துப் பேசாத மனுஷன், அன்றைக்கு வாயைத் திறந்துகொண்டு அண்ணாந்து பார்த்தார். அந்தப் புரையோடு அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. இருந்தாலும் பார்த்தார்.

அதைக்கூட மன்னிக்கலாம். சாயங்காலம் சிவா போனில் ஒரு படம் காட்டினான். மேலிருந்து எடுத்தது. புஷ்பா வீட்டுக்குப் புதுத் தகரம், நீல நிறம், பளபளவென்று. அதை ஒட்டினாற்போல் என் வீடு. துருப்பிடித்த தகரம். காற்றுக்குப் பறக்காமலிருக்க வைத்த கற்கள். பழைய டயர் இரண்டு. எப்போதோ காணாமல் போன என் ஒற்றைச் செருப்பு... அது எப்படி அங்கே ஏறியதோ.

என் கூரையை நான் அதுவரை மேலிருந்து பார்த்ததில்லை. பார்க்காமலே இருந்திருக்கலாம்.

அந்தப் படத்தைப் புஷ்பா பதுளையில் இருக்கிற சொந்தக்காரர் எல்லாருக்கும் அனுப்பினாள். எனக்கும் அனுப்பினாள். "நம்ம ரெண்டு வீடும் எவ்வளவு அழகா இருக்கு பாருங்கக்கா" என்று குரல் செய்தி வேறு. அவள் மனதில் கள்ளம் இல்லை. அதனாலேயே எனக்கு இன்னும் எரிந்தது.

மறு வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் விளக்கு வைக்கும்போது என்ன வேண்டினேன் தெரியுமா? பிள்ளைகளுக்கு நல்ல புத்தி கொடு, வீட்டுக்காரர் கண்ணைக் காப்பாற்று... கடைசியாக, அந்தச் சாமான் எங்கேயாவது விழுந்து உடையட்டும், தாயே. ஆமாம், அப்படித்தான் வேண்டினேன். கற்பூரம் எரிந்துகொண்டிருக்கும்போதே.

புஷ்பாவுக்கும் ஏதோ பட்டிருக்க வேண்டும். ட்ரோனின் காலில் கறுப்புக் கயிறு கட்டினாள். விசிறியில் சுற்றிக்கொள்ளும் என்று சிவா அறுத்துப் போட்டான். உடனே மையை எடுத்து அதன் வயிற்றில் ஒரு பொட்டு வைத்தாள். யார் கண்ணுக்குப் பயந்து என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தக் கண்ணைத்தான் சிவா காவலுக்குக் கூப்பிட்டான்.

புஷ்பா இன்னும் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறவள். தன் செட்டில் கூடப் பறிக்கிற பெண்களோடு மலையில் நிற்பதைப் படமெடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஆட்களின் தலைக்கு மேலே பறக்கவிடக் கூடாது, தள்ளி நின்று பக்கவாட்டில் எடுக்கிறேன் என்றான் சிவா. ஆனால் மூன்று நாளாகப் பனிமூட்டம் இறங்கிக் கிடந்தது. கண்ணுக்குத் தெரியாமல் பறக்கவிட முடியாதே? மூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு குளிர்ச்சி. சனிக்கிழமை பாழாய்ப்போன வெயில் அடித்தது.

எங்கள் லயத்துக்குக் கீழே ஆறாம் நம்பர் மலை. அதன் ஓரத்தில் பெரிய டர்பன்டைன் மரம் ஒன்று. கிளையில் முறம் அளவுக்குக் குளவிக்கூடு. தோட்டத்தில் பிறந்தவர்களுக்குக் குளவியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கலைந்தால் கூட்டமாக வரும். உயிர் போன வீடுகள் உண்டு. கங்காணி அந்தப் பக்கத்தில் நாலு நிரையை விட்டுவிட்டுத்தான் பறிக்கச் சொல்லியிருந்தார். பன்னிரண்டு வருஷம் அதே மலையில் பறித்தவள் நான். மரத்தைப் பற்றிச் சிவாவிடம் முதலிலேயே சொன்னேன். அந்தப் பக்கமே போக மாட்டேன், வானத்திலிருந்து மட்டும் கண்ணை எடுத்துவிடாதீர்கள் அண்ணி என்றான்.

ட்ரோன் எழும்பிப் போனது. சிவா ஸ்கிரீனைப் பார்த்தான். அவனைச் சுற்றி என் வீட்டுக்காரரும் அக்கம்பக்கத்துச் சனமும். அதோ புஷ்பா கையாட்டுகிறாள் என்கிறார் ஒருவர். கங்காணி மீசையைத் தடவுகிறார் பார் என்கிறார் இன்னொருவர். ஒரே சிரிப்பு. எனக்கு மட்டும் வானத்தில் ஈ அளவுக்கு ஒரு புள்ளி. எல்லாரும் பந்தியில் உட்கார்ந்திருக்க, செருப்புக்குக் காவல் நிற்கிற மாதிரி இருந்தது.

மலை முழுக்கத் தெரிய எடுப்பா என்று யாரோ சொன்னார்கள். சிவா ட்ரோனைப் பின்பக்கமாக நகர்த்தினான். கமரா பெண்களைப் பார்க்கிறது; சாமான் முதுகுப் பக்கமாகப் போகிறது. முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஸ்கிரீனில் தெரியாது.

எனக்குத் தெரிந்தது. டர்பன்டைன் மரம்.

வாயைத் திறக்க வேண்டியதுதானே? அதற்குத்தானே அங்கே நிற்கிறேன்?

திறக்கவில்லை.

மூன்று மூச்சு விடுகிற நேரம் இருக்கும். போகட்டும், மோதட்டும், உடையட்டும் என்று நின்றேன். கேட்டதை அம்மன் கொடுக்கப் போகிறாள் என்று ஒரு சந்தோஷம் வேறு. குளவி ஞாபகம் வரவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். அந்தச் சாமானும் மரமும் மட்டும்தான் என் கண்ணில் இருந்தன. மரத்துக்குப் பக்கத்தில் ஆட்கள் நிற்பது மனதில் படவே இல்லை.

அப்போது கீழே ஒரு சிவப்புத் தலைத்துண்டு அசைந்தது. புஷ்பா. எங்களைப் பார்த்து இன்னும் கையாட்டிக்கொண்டிருந்தாள்.

"சிவா, நிப்பாட்டு. பின்னால மரம்."

"ஸ்கிரீன்ல ஒண்ணும் தெரியலையே அண்ணி."

"ஸ்கிரீன விடுடா. கூடு இருக்கு. மேல தூக்கு."

தூக்கினான். மரத்தில் முட்டவில்லை. ஆனால் விசிறிக் காற்று கிளையை உலுப்பிவிட்டது. கூட்டிலிருந்து புகை மாதிரி ஒன்று கிளம்பியது. கங்காணி கத்தினார். பெண்கள் இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியை அவிழ்த்துத் தலையில் போட்டுக்கொண்டு தேயிலைக்கடியில் படுத்தார்கள். சிவா ட்ரோனை ஆளில்லாத ஓடைப் பக்கம் விரட்டினான். குளவியில் பாதி அந்தச் சத்தத்தின் பின்னாலேயே போனது. மாரியம்மா, மாரியம்மா என்று என் வாய் சொல்லிக்கொண்டிருந்தது. எந்த முகத்தோடு கூப்பிட்டேனோ.

கொஞ்ச நேரத்தில் அடங்கியது. மற்றவர்கள் தப்பிவிட்டார்கள். கையாட்டிக்கொண்டு நின்ற புஷ்பாதான் கடைசியாகப் படுத்திருக்கிறாள். காதில் ஒன்று, கழுத்தில் இரண்டு, புறங்கையில் ஒன்று. தோட்டத்து டிஸ்பென்சரியில் ஊசி போட்டு, சாயங்காலம் வரை வைத்திருந்து அனுப்பினார்கள். காது பணியாரம் மாதிரி வீங்கியிருந்தது.

ட்ரோன்? ஒரு கீறல் இல்லாமல் வந்து இறங்கியது.

புஷ்பா வீட்டுக்குள்கூடப் போகவில்லை. நேரே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க மட்டும் பார்க்கலன்னா இன்னைக்கு எங்க செட்டே போயிருக்கும்க்கா." லயம் முழுக்க இதே பேச்சு. இனிமேல் அண்ணி இல்லாமல் ட்ரோன் பெட்டியையே திறக்க மாட்டேன் என்றான் சிவா.

நான் தலையை ஆட்டினேன். பாராட்டு இனிப்பாகத்தான் இருந்தது... ஒரு மணி நேரம். பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் அவள் வலியில் முனகுவது கேட்டது. டைல் போட்ட வீடுதான், பிரிட்ஜ் இருக்கிற வீடுதான். முனகல் மட்டும் என் வீட்டு முனகல் மாதிரியே இருந்தது.

யோசித்துப் பார்க்கிறேன். அடுத்தவர் பொருளை இமைக்காமல் பார்க்க, பொறாமைக்காரியைவிடத் தகுந்த ஆள் யார்? சிவா சரியான ஆளைத்தான் நிறுத்தினான். பக்கத்தில் ஒரு ஜோடிக் கண் இருந்தால் விதி நிறைவேறிவிடும். அந்தக் கண்ணுக்குச் சொந்தக்காரர், பார்த்ததைப் பார்த்த உடனே சொல்வாரா? அதை எந்த விதியிலும் எழுதவில்லை. எழுதவும் முடியாது. அது அவரவருக்கும் அவரவர் சாமிக்கும் நடுவில் உள்ள கணக்கு.

நேற்றுக் கோயிலுக்குப் போனேன். விளக்கை வைத்துவிட்டு நிமிர முடியவில்லை. என்னிடம் என்னத்துக்குச் சொல்கிறாய், அவளிடம் போய்ச் சொல் என்று அம்மன் சொன்ன மாதிரி இருந்தது.

போனேன். முதல் தடவை அவள் வாசலில் நின்று சீனி கேட்டு வாங்கி வந்தேன். இரண்டாம் தடவை அந்தச் சீனியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். எட்டாம் வகுப்பு வரை படித்த எனக்கு எழுதத்தான் வருகிறது. இதை மட்டும் வாயால் சொல்ல வரவில்லை.

இந்தப் பத்தியைப் புஷ்பா ஒரு வாரமும் விட மாட்டாள். எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், ஆனாலும் கடைசி வரி வரை படித்துவிடுவாள்.

படித்தாயிற்றா, புஷ்பா? தேத்தண்ணி போட்டு வைத்திருக்கிறேன்... சண்டை போட்டுவிட்டுக் குடிக்கலாம், வா.