மாஸ்க்குக்குள் போகாத தாலிக்கொடி

பிரான்சில் தமிழர் கடைத்தெருவான லா சப்பலில் நோயாளரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கும் டாக்ஸி ஓட்டுகிறவன் நான். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு மொழி தெருவில் படித்தது. ஆனாலும் பாதி நாள் மொழிபெயர்ப்பும் என் தலையில்தான். இந்த வேலைக்குப் புதிதாய் வருகிற பிள்ளைகளுக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன்.

கார்ஜ் என்ற புறநகரிலிருந்து ஒரு அம்மாவையும் அவருடைய கணவரையும் ஏற்றினேன். அம்மாவுக்கு எண்பதை எட்டுகிற வயது. நெற்றிக்கு மேலே ஊதாத் திட்டு. அலுமாரிக் கதவில் இடித்த கண்டல் என்றே வீட்டில் நினைத்திருந்தார்கள். பரிசோதித்தால், இரத்தக் குழாயில் தொடங்கித் தோலில் படர்கிற புற்றுநோய். வயதானவர்களுக்கு அரிதாய் வருவது. வேகமாய்ப் பரவும், ரேடியோதெரப்பியைத் தள்ளிப்போடக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

அன்று மாஸ்க் செய்கிற நாள். சுடுநீரில் இளகிய பிளாஸ்டிக் வலையை முகத்திலிருந்து தோள்வரை அழுத்தி அச்செடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் அதைப் போட்டு மேசையோடு பூட்டினால் தலை அசையாது. மெசினில் வேலை செய்கிற பிரெஞ்சுப் பிள்ளை அம்மாவின் கழுத்தைக் காட்டி, சங்கிலியைக் கழற்றச் சொன்னாள். அது தாலிக்கொடி.

"அவர் வெளியிலை குத்துக்கல்லாட்டம் இருக்கேக்கை நான் இதைக் கழட்டவோ? என்னை வீட்டை கொண்டுபோய் விடும் தம்பி."

"கையிலை ஒரு மஞ்சள் கயிறு கட்டுவம் அம்மா."

"கையிலை கட்ட அதென்ன காப்பே?"

பிள்ளை மணிக்கூட்டைப் பார்த்தாள். இன்றைக்கு விட்டால் அடுத்த ரோந்தேவு, அதுதான் முன்பதிவு நேரம், எப்போது கிடைக்கும் என்று அவளுக்கே தெரியாது. நான் ஓடிப்போய் ஐயாவைக் கூட்டிவந்தேன்.

"இவ்வளவுதானே? கழட்டி என்ரை கழுத்திலை போடு" என்றார்.

"ஆக்கள் சிரிப்பினம்."

"சிரிக்கட்டும். நான் உயிரோடை இருக்கிறதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?"

முதலில் சிரித்தது அம்மாதான். பிறகு தலையைக் குனிந்து கழுத்தைக் கொடுத்தார்.

சிகிச்சை முடியும்வரை இதே கதைதான். காத்திருக்கும் அறையில் ஐயா கோட்டுக்கு மேலே தாலிக்கொடியோடு பேப்பர் வாசிப்பார். அம்மா வெளியே வந்ததும் திரும்பப் போட்டுவிடுவார். "எனக்குத் தினமும் கலியாணம் தம்பி, சாப்பாடுதான் இல்லை" என்பார்.

அம்மாவுக்குத் தோல் சிவந்து எரிந்தது, முடி கொட்டியது. ஒரு நாளும் வராமல் விடவில்லை. முடிகிற நேரத்தில் திட்டு வெளிறத் தொடங்கியது. இன்னும் கவனமாய்ப் பார்க்க வேண்டும், ஆனால் நோய் சிகிச்சைக்கு மசிகிறது என்றார் டொக்டர். அதை அம்மாவுக்கு இரண்டு தரம் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

பிள்ளைகளே, வேண்டாமென்று நிற்கிற நோயாளிக்கு வைத்தியம் விளங்கப்படுத்தி நான் ஒருநாளும் வென்றதில்லை. அவர் எதைக் கழற்றப் பயப்படுகிறார் என்று பாருங்கள். அதை வாங்கி வைத்திருக்கக்கூடிய ஆள் பெரும்பாலும் வெளியே கதிரையில்தான் இருப்பார்.