மீதிப் படங்கள்

கலைப்பிரியாவுக்கு வீடு திண்டிவனத்தில், வேலை விழுப்புரத்தில். காலையில் பாசஞ்சர் ரயிலில் வந்து, சாயங்காலம் அப்படியே திரும்பிவிடுவாள். பத்து வருஷமாக அவள் வேலை பார்ப்பது ஒரு ஃபிளெக்ஸ் கடையில். மஞ்சள் நீராட்டு, காதணி விழா, தலைவர் பிறந்தநாள் என்று எது வந்தாலும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வடிவமைத்துக் கொடுப்பது அவள்தான். ஆனால் சாவு பேனர் வந்துவிட்டால் மற்ற வேலையெல்லாம் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். பிணத்தை எடுப்பதற்குள் அது தெருமுனையில் நின்றாக வேண்டும் அல்லவா? அழுத முகத்தோடு வருகிறவர்களைக் காக்கவைக்கக் கூடாது என்று கடை முதலாளி அன்புச்செல்வன் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார்.

வயதானவர்கள் செத்தால் நல்ல படம் கிடைப்பது அரிது. எப்போதோ கும்பலோடு கும்பலாக நின்ற ஒரு போட்டோவைக் கொண்டுவந்து, “இவருதாங்க” என்று விரலை வைத்துக் காட்டுவார்கள். கலைப்பிரியா அந்தத் தலையை மட்டும் வெட்டி எடுப்பாள். உடம்பு கம்ப்யூட்டரில் தயாராக இருக்கும். ஆணுக்கு வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. பெண்ணுக்குப் பட்டுப் புடவை. பின்னால் மேகமும் வெளிச்சமும். வந்தவர்கள் பழைய போட்டோவை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள்.

வெட்டியது போக மிச்சம் இருப்பதை அவள் முதலில் கவனித்ததில்லை. ஒருநாள் சர்க்கரை மில் வாசலில் எடுத்த படம் ஒன்று வந்தது. கரும்பு வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. வண்டிக்காரர் மீசையை முறுக்கிக்கொண்டு கேமராவைப் பார்க்கிறார். அவருக்குப் பின்னால் ஒரு ஆடு வண்டியிலிருந்து கரும்புத் தோகையை இழுத்துத் தின்கிறது. கலைப்பிரியா சிரித்துவிட்டாள். வீட்டில் கணவன் செல்வகுமாரிடம் காட்டலாமே என்று படத்தை முழுசாக ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு எந்தப் பழைய படம் வந்தாலும், கொண்டுவந்தவர்களிடம் கேட்டுவிட்டு முழுசாகவே எடுத்து வைத்தாள். அந்த ஃபோல்டருக்கு ‘மீதி’ என்று பெயர் போட்டாள்.

மீதியில் பாதிக்குமேல் அந்த மில்லைச் சேர்ந்தவைதான். அவள் தினமும் ரயிலிலிருந்து பார்க்கிற மில் அது. மில்லைச் சுற்றி வளர்ந்த ஊரை எல்லோரும் மில் ஸ்டாப்பிங் என்றுதான் சொல்வார்கள். அந்தக் காலத்தில் ஆயுத பூஜைக்கு வருஷா வருஷம் ஒவ்வொரு பிரிவிலும் போட்டோ பிடித்து, கேட்டவர்களுக்கு ஒரு பிரிண்ட் கொடுப்பார்களாம். அப்போது படத்தில் நின்றவர்கள் இப்போது ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

போன தை மாசம் மில் ஸ்டாப்பிங்கிலிருந்து குமரேசன் என்று ஒருவர் வந்தார். காலையில் அவருடைய அம்மா தையல்நாயகி இறந்துபோயிருந்தார். கையில் வாக்காளர் அட்டை மட்டும் இருந்தது. அதில் முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கறுப்பு.

“எங்கம்மா போட்டோவே எடுத்துக்கினது இல்லீங்க. என் கல்யாணத்துலகூட அடுப்பாண்ட போயி நின்னுக்கினாங்க” என்றார்.

“அம்மா எங்கண்ணா வேலை பார்த்தாங்க?”

“மில்லு கோடவுன்ல. சாக்கு தைச்சிக்கினு இருந்தாங்க. நான் சின்னப் புள்ளையா இருக்கசொல்லவே நின்னுட்டாங்க.”

கலைப்பிரியா ‘மீதி’யைத் திறந்தாள். கோடவுன் மேஸ்திரி ஒருவர் இறந்தபோது அவருடைய மகன் கொண்டுவந்த படம் நினைவுக்கு வந்தது. மேஸ்திரி கழுத்தில் மாலையோடு எடைமேடைக்குப் பக்கத்தில் நிற்பார். பின்னால் சர்க்கரை மூட்டைகள் கூரைவரை அடுக்கியிருக்கும். இடது ஓரத்தில் ஏழு பெண்கள் கோணி ஊசியும் சணலுமாகத் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த ஓரத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள்.

குமரேசன் திரைக்கு அருகில் குனிந்து பார்த்தார். “தெரியலியேம்மா. எங்கம்மாவ நான் இந்த வயசுல பாத்த ஞாபகமே இல்லியே.”

அக்காவுக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்று படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. பறைச் சத்தத்துக்கு நடுவில் அக்கா கத்தியது கலைப்பிரியாவுக்கும் கேட்டது. “மூணாவதா உக்காந்துகினு இருக்கிறதுதாண்டா! மூக்குத்திய பாரு. அம்மாதான்!” பின்னாலிருந்து இன்னும் இரண்டு மூன்று குரல்கள் ஆமாம் ஆமாம் என்றன.

“இன்னொரு தடவை நல்லா பாத்துக்கச் சொல்லுங்கண்ணா.”

“அதான் எல்லாரும் சொல்றாங்களே. ஜல்தியா பண்ணும்மா, மத்தியானமே எடுக்கறாங்க.”

மூக்குத்தி போட்ட அந்த முகத்தை வெட்டி, புள்ளிகளைத் துடைத்து, பட்டுப் புடவைக்குமேல் பொருத்தினாள். பேனர் போய்விட்டது. தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தோமே என்று அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது அவளுக்கு மனசு நிறைந்திருந்தது.

சாப்பிட்டு முடிப்பதற்குள் குமரேசன் போன் செய்தார்.

நடந்தது இதுதான். தையல்நாயகியோடு ஒரே கோடவுனில் பல வருஷம் சாக்கு தைத்த காந்திமதி என்பவர், பக்கத்து ஊரிலிருந்து மாலையோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியிருக்கிறார். எழுபது தாண்டிய மனுஷி. தெருமுனையில் நிமிர்ந்து பார்த்தால், ‘கண்ணீர் அஞ்சலி’ என்ற எழுத்துக்குக் கீழே பட்டுப் புடவை கட்டிக்கொண்டு நிற்பது அவரே.

“டேய் குமரேசா, இன்னாடா இது? நான் இன்னும் போவலடா!”

சாவு வீடு என்பதையும் மறந்து சிலர் சிரித்துவிட்டார்கள். சிலர் அபசகுனம் என்றார்கள். பேனரை இறக்கிச் சுருட்டி மாட்டுக் கொட்டகையில் போட்டுவிட்டார்கள்.

விஷயத்தைக் கேட்ட அன்புச்செல்வன், “தெரியாத மொகத்த உன்ன யாரு தேடச் சொன்னது? குத்துவெளக்குப் படத்தப் போட்டுக் குடுத்திருந்தா முடிஞ்சிருக்கும் இல்ல?” என்று கேட்டார். அவர் சொன்னது நியாயம்தான். கலைப்பிரியா விளக்குப் படம் போட்டு இன்னொரு பேனர் அடித்தாள். அதற்குள் அடக்கம் முடிந்துவிட்டதாகத் தகவல் வந்தது. இருந்தாலும் அதை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். போனில் மன்னிப்புக் கேட்டுவிட்டு ரயிலில் உட்கார்ந்து அந்த ஊரைக் கடந்துபோக அவளால் முடியவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த ஊரில் அவள் இறங்கியது அதுதான் முதல் தடவை. மில் புகையும் வெல்லப்பாகு வாடையுமாக இருந்தது.

ஷாமியானாவுக்கு அடியில் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்த குமரேசன் அவளைத் திட்டவில்லை. “எங்க தப்பும்தான்” என்றார். பக்கத்து நாற்காலியில் டீ குடித்துக்கொண்டிருந்தவரைக் கைகாட்டினார்.

“மன்னிச்சிடுங்கம்மா” என்றாள் கலைப்பிரியா.

“நீதான் என்ன சாவடிச்சவளா?” காந்திமதி அவளை மேலும் கீழும் பார்த்தார். “சரி உடு, ஆயுசு கெட்டின்னு வச்சிக்கறேன். அந்தப் போட்டோவ வச்சிருக்கியா? முழுசா காட்டு.”

கலைப்பிரியா போனை நீட்டினாள். காந்திமதி அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார். “இவ அஞ்சலை. இது மேலத்தெரு பாப்பம்மா. இது நானு. எனக்குப் பக்கத்துல இருக்கா பாரு, இவதான் தையலு.”

நாலாவதாக இருந்த பெண் குனிந்து ஊசியில் சணல் கோத்துக்கொண்டிருந்தாள். வகிடு தெரிந்தது, ஒரு காது தெரிந்தது, இரண்டு கைகள் தெரிந்தன. முகம் தெரியவில்லை.

“போட்டோக்காரன் வந்தாலே குனிஞ்சிக்குவா. ‘நிமிருடி’ன்னு மேஸ்திரி கத்துவாரு. நிமிரவே மாட்டா. இன்னாத்துக்குன்னு கேட்டா, எனக்குப் புடிக்கலன்னுவா. அவ்ளோதான்.”

குமரேசன் போனை வாங்கிப் பார்த்தார். படத்தில் அந்தப் பெண்ணின் ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது. “ஆமா, அந்த வெரல்ல எப்பவும் துணி இருக்கும். ஊசி குத்தி ஆறவே ஆறாது” என்று சொல்லிவிட்டு, எழுந்து கொல்லைப்புறம் போனார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அந்தப் படத்தையே முழுசாக வேண்டும் என்று குமரேசன் கடைக்கு வந்தார். முகம் தெரியாத படத்துக்கு யாராவது மாலை போடுவார்களா என்று அவருடைய அக்கா சண்டை பிடித்தாராம். கலைப்பிரியாவுக்கு வேறு தயக்கம். உயிரோடு இருக்கும்போது வேண்டாம் என்றவரை இப்போது பிடித்து மாட்டுவது சரியா? காந்திமதிக்குப் போன் போட்டுக் கேட்டாள்.

“அவ குனிஞ்சிக்கினுதான இருக்கா? அவ இஷ்டத்துக்குத்தான இருக்கா? போடு” என்றார் அவர். “எனக்கும் ஒண்ணு குடு. தலைய மட்டும் தனியா வெட்டிப்புடாத. எல்லாரும் இருக்கணும்.”

ஏழு பெண்களின் பெயரையும் காந்திமதி சொல்லச் சொல்லப் படத்துக்கு அடியில் எழுதி, சட்டம் போட்டுக் கொடுத்தாள். காரியத்துக்கு வந்தவர்கள் படையலைவிட அந்தப் படத்தின் முன்னால்தான் கும்பலாக நின்றார்கள். எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது, பரணில் கிடக்கிறது என்று நாலைந்து பேர் அவளுடைய நம்பரை வாங்கிக்கொண்டார்கள்.

இப்போது கலைப்பிரியா சனிக்கிழமை சாயங்காலங்களில் மில் ஸ்டாப்பிங்கில் இறங்கிவிடுகிறாள். படங்களைக் கையில் வாங்கி, கடையில் வேலை இல்லாத நேரம் பார்த்து ஸ்கேன் செய்து, அடுத்த வாரம் திருப்பிக் கொடுக்கிறாள். ஆட்களுக்குப் பெயர் சொல்வது பெரும்பாலும் காந்திமதி. அவருக்கும் தெரியாவிட்டால் பேர் தெரியவில்லை என்றே எழுதுகிறாள். ஒருவர் சொல்லி இன்னொருவர் ஒத்துக்கொள்ளாத எந்தப் பெயரையும் அவள் எழுதுவதில்லை. வீட்டுக்கு நேரம் கழித்து வருவது செல்வகுமாருக்குப் பிடிக்கவில்லை. “சாவு வீட்டுப் படம்தானே, அதுக்கு இவ்ளோ அலைச்சலா?” என்பார். என்றாலும் அவள் வரும்வரை ஸ்டேஷனில் பைக்கோடு நிற்பார்.

எல்லோரும் சம்மதிப்பதில்லை. கரும்புச் சக்கை அள்ளும் வண்டியைத் தள்ளிக்கொண்டு நிற்கிற தன் அப்பா படத்தைப் பார்த்துவிட்டு ஒருவர், “வேணாம்மா. பொண்ணுக்கு எடம் பாத்துக்கினு இருக்கோம். இதெல்லாம் வெளிய போனா பேஜாரு” என்றார். அவருடைய கண்ணெதிரிலேயே அதை அழித்தாள். நல்ல படம். அழித்த பிறகு இரண்டு நாள் அவளுக்கு அந்த நினைப்பாகவே இருந்தது.

சமீபத்தில் வந்தது மில் சைக்கிள் ஸ்டாண்டில் வெள்ளம் புகுந்த படம். ஹேண்டில் வரைக்கும் தண்ணீர். ஒருவர் தன் சைக்கிளைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு போகிறார். அந்த ஆள் யார் என்பதில் எல்லோரும் ஒரே பேச்சு. எந்த வருஷத்து மழை என்பதில்தான் தகராறு. எண்பத்தைந்து என்று பாதிப் பேர், தொண்ணூற்றாறு என்று பாதிப் பேர். காந்திமதி எண்பத்தைந்துதான் என்று சத்தியம் செய்கிறார். கலைப்பிரியா இரண்டையும் எழுதி வைத்திருக்கிறாள்.